கையும் பார்க்கிற வேலை

அந்த அக்கா எதை வாங்கினாலும் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். சேலைக் கடையில் நாங்கள் எல்லாம் முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் மடிப்பைப் பிரித்து, பின்பக்கத்தில் இழை எங்கே தொங்குகிறது என்று விரலால் தடவிக்கொண்டிருப்பார். கடைக்காரருக்கு எரிச்சல் வந்துவிடும்.

"ஏனுங்க்கா, கட்டுனா வெளிப்பக்கந்தானுங்க தெரியும்?"

"வெளிப்பக்கம் எல்லாரும் அழகாத்தான் செய்வாவ" என்பார் அக்கா, தலை நிமிராமலே.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக நோட்டீசை ஆசையாக அவரிடம் கொடுத்தேன். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். இருந்தாலும் எங்கள் கோயில் காரியம் என்றால் மரியாதையாக வாங்கிக்கொள்வார். வாங்கியவர் முழுவதும் படித்துவிட்டு, "முகூர்த்த நேரம் முன்னால ஒண்ணு போட்டிருக்கு, பின்னால ஒண்ணு போட்டிருக்கு, பாத்தியாட்டி?" என்றார். அச்சடித்தவர், கமிட்டிக்காரர்கள், பூசாரி என்று அத்தனை பேர் கண்ணிலும் தப்பியது அது. அன்று சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் ஊர் முழுக்க ஓடிப் பேனாவால் திருத்தினார்கள். சாமி காரியத்தில் குற்றம் சொல்லலாமா என்று எனக்குக்கூட முதலில் மனசு சுருக்கென்றது. பிறகு யோசித்தால், தப்பான நேரத்துக்குச் சனங்கள் வந்து நின்றிருந்தால் அல்லவா குற்றம்?

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு சின்னப் பனியன் கம்பெனியில்தான் எங்களுக்குப் பழக்கம். கைக்குழந்தை உடுப்பு மட்டும் தைக்கிற கம்பெனி. மொத்தமே ஒன்பது பேர். பத்துப் பேர் இல்லாததால் இ.எஸ்.ஐ. காப்பீடு கிடையாது. அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். நாங்கள் இருந்த லைன் வீட்டிலேயே நாலு கதவு தள்ளி ஒரே ஆளாகக் குடியிருந்தார். கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செக்கிங் அக்கா என்றால் போதும். நானும் அதே டேபிளில் செக்கிங்தான்.

செக்கிங் என்றால், தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் குறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது. இடது கை பீஸை விரித்துப் பிடிக்கும். வலது கை கழுத்து வழியாக உள்ளே போய்த் தையல் மேலேயே ஒரு ஓட்டம் ஓடி வெளியே வரும். இதெல்லாம் தானாக நடக்கிற காரியம். யாரும் கையைப் பற்றி நினைப்பதே இல்லை. திருப்பூரில் யாரைக் கேட்டாலும் செக்கிங்கைக் கண் வேலை என்றுதான் சொல்வார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது எங்கள் முதலாளியும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "கண்ணு நல்லாத் தெரியுமுங்களா அம்மிணி?"

அக்காவின் கை எப்படிப்பட்டது என்று நாங்கள் பார்த்தது ஒரு மத்தியான வேளையில். தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். குழந்தை உடுப்பு ஆயிற்றே. அன்று உடைந்த ஊசிக்கு முனை மட்டும் கிடைக்கவில்லை. காந்தத்தை வைத்துத் தரை முழுக்க இழுத்தும் இல்லை. வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது.

"அது தரையில எங்கியோ போயிருக்குமுங்க அம்மிணி. பெட்டியக் கட்டுங்க" என்றார் முதலாளி.

"முனை கிடைக்காம கட்டக்கூடாது மொதலாளி."

"வண்டி நிக்குதுங்க!"

"நிக்கட்டும். எந்த ஊருப் பிள்ளையோ இதப் போட்டுக்கிட்டுப் படுக்கப் போவுது. குத்துதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியுமா?"

கட்டி வைத்திருந்ததை எல்லாம் பிரித்தார். ஒவ்வொன்றாகக் கையை விட்டார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தான். மூன்றாவது கட்டில் ஒரு பீஸின் அக்குள் தையலில் ஆள்காட்டி விரல் நின்றது. "இங்கன இருக்கு" என்றார். முதலாளி வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், எதுவும் தெரியவில்லை. தையலைப் பிரித்தால், இரண்டு மடிப்புக்கு நடுவில் கடுகில் பாதி இருக்கும், அந்த முனை. முதலாளி எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கிவரச் சொன்னார். அந்தக் குழந்தை எந்த நாட்டில் இருக்கிறதோ, ஆத்தா புண்ணியத்தில் நல்லபடியாக வளர்ந்துகொண்டிருக்கும்.

அந்தக் கைதான் போயிற்று.

பிரஸ் பட்டன் அடிக்கிறவர் அன்று வரவில்லை. சரக்கு போக வேண்டும். முதலாளி கேட்டுக்கொண்டார் என்று அக்கா போய் அந்த மெஷினில் உட்கார்ந்தார். விரல் உள்ளே போகாமல் தடுக்கிற கம்பி ஒன்று அதில் உண்டு. வேகம் குறைகிறது என்று அதைக் கழற்றி ஜன்னலில் வைத்து வெகு நாள் ஆகியிருந்தது. சத்தம் கேட்டு நான் திரும்பினேன். அக்கா கத்தவில்லை. "கரண்ட ஆஃப் பண்ணுங்க" என்றார். கையைச் சேலையில் சுற்றிக்கொண்டே என்னிடம், "அந்தப் பீஸத் தனியா எடுத்து வையி, ரத்தம் பட்டுட்டு" என்றார்.

முதலாளி தன் காரிலேயே தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர்தான் பார்த்தார். அதை மறைத்து எழுதினால் எனக்குப் பாவம். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் இரண்டு கணு போயின.

புண் ஆறியதும் அக்கா மறுபடியும் செக்கிங் டேபிளுக்கு வந்தார். சம்பளத்தில் முதலாளி ஒன்றும் குறைக்கவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, சரக்கு திரும்பி வந்துவிட்டது. உள்தையலில் விட்டுப்போனது, முடிச்சு, இப்படி. யார் பார்த்த கட்டு என்று முதலாளி கேட்கவில்லை. அக்காவே எடுத்துப் பார்த்து, "எல்லாம் நான் பாத்தது" என்றார். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"என் கண்ணு பாக்குதுட்டி. கை பாக்கல" என்றார் என்னிடம்.

மறுநாள் முதலாளியிடம் போய், "நான் பாஸ் பண்ணுத பீஸ நானே நம்ப முடியல மொதலாளி. இந்தச் சம்பளம் வேண்டாம். சட்டப்படி என்ன உண்டோ அதத் தாங்க" என்று கேட்டார். முதலாளிக்கு அது பெரிய மனத்தாங்கல் ஆகிவிட்டது. "நான் என்னங்க கொறை வெச்சேன்?" என்றாரே தவிர, சட்டம் என்ற பேச்சுக்கு அவர் வரவே இல்லை. அப்படித்தான் வழக்கு தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரி முன்னால் போனது.

அக்கா என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். முதலாளி எங்களுக்குப் பங்காளி முறை. குலதெய்வம் ஒன்று. இருந்தாலும் கூடவே வேலை செய்தவள், பார்த்ததைச் சொல்வதில் என்ன என்று போனேன். விபத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். கடைசியில் முதலாளி தரப்பு வக்கீல் எழுந்தார். ரொம்ப அன்பாகத்தான் கேட்டார்.

"செக்கிங்குக்கு ஆள் எடுக்கும்போது என்னம்மா கேட்பாங்க?"

"கண்ணு நல்லாத் தெரியுமான்னு கேப்பாங்க."

"அப்ப செக்கிங்கிறது கண் வேலைதானே?"

"ஆமாங்க, கண்ணு வேலைதானுங்க."

"போதும்மா, உட்காருங்க."

வெளியே வந்து, "நல்லாச் சொல்லிப்போட்டனுங்களா அக்கா?" என்று வேறு கேட்டேன். "உள்ளதச் சொன்ன" என்றார் அவர்.

தீர்ப்பு வந்தது. "மனுதாரரின் வேலை கண்ணால் செய்யப்படுவது என்று அவர் தரப்புச் சாட்சியே ஒப்புக்கொண்டுள்ளார். பார்வைக்குப் பாதிப்பு இல்லை. ஆகவே மனுதாரர் அதே வேலையைத் தொடர்ந்து செய்யலாம்" என்று எழுதியிருந்தது. சட்டப் பட்டியலில் இரண்டு விரலுக்கு என்ன போட்டிருக்கிறதோ அது மட்டும் கிடைக்கும், வேலை போனதற்கு ஒன்றும் கிடையாது. அவர் தரப்புச் சாட்சி என்றால் நான்தான். என் வாயால் அந்தக் கையை இரண்டாவது தடவை நசுக்கியதுபோல இருந்தது எனக்கு. சாயங்காலம் விளக்கேற்ற உட்கார்ந்தால் சாமி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்காவே தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நாந்தானுங்க்கா கெடுத்துப்போட்டேன்" என்று அழுதேன்.

"நீ என்னட்டி கெடுத்த? கேட்டதுக்குப் பதில் சொன்ன. அழுத கண்ண தொடச்சிட்டு இதப் படி. என்னமோ ஒண்ணு இதுல இல்ல. அது எங்கன இல்லன்னு தேடுதேன்."

அவர் எட்டாவது வரை படித்தவர், நான் ஏழாவது. இருவரும் தரையில் உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கும், முதல் பக்கத்திலிருந்து கடைசிக்கும் படித்தோம். பாதி வார்த்தை புரியவில்லை. மூன்றாவது தடவை அக்கா நிறுத்தினார்.

"நான் சாட்சி சொல்லுதப்ப, 'கைய உள்ள விட்டுத் தையலத் தடவித்தான் குறைய கண்டுபிடிப்பேன்'னு சொன்னேம்லா? நீயும் அங்கனதான இருந்த? அது எங்க? நீ சொன்னது இருக்கு, மொதலாளி சொன்னது இருக்கு. நான் சொன்னது இல்ல."

அக்காவுக்காக வாதாடிய வக்கீலம்மாவிடம் போனோம். அவரும் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான் இத மேலோட்டமாத்தான் படிச்சேன்மா" என்று ஒத்துக்கொண்டார். "உங்க சாட்சியத்த எடுத்துக்காமலே தீர்ப்பு எழுதியிருக்காங்க. இது சட்டத்துல தப்பு. இத வெச்சு ஹைகோர்ட்டுக்குப் போகலாம். ஆனா வருஷம் ஆகும். அங்க போய் அழுதாலும் கேக்க மாட்டாங்க, தப்ப மட்டுந்தான் பாப்பாங்க. குடுத்ததை வாங்கிட்டுப் போறவங்கதான் அதிகம்."

"தப்ப மட்டுந்தான் பாப்பாவளா? அப்பம் அது நல்ல எடம்" என்றார் அக்கா.

லைன் வீட்டில் பேச்சு வந்தது. குழாயடியில் ஒரு பெண், "ரெண்டு வெரலுக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டுங்களா?" என்று சிரித்தாள். அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று பதில் சொன்னார்: "வெரலுக்கு இல்ல தாயி. இருபது வருஷமா நான் செஞ்ச வேலைய எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்காவ. அத அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்லுதியா?"

எனக்கு வந்த பேச்சு வேறு. குலதெய்வக் கோயில் பொங்கல் அன்று முதலாளி எல்லார் முன்னாலும், "நம்ம ஊட்டு அம்மிணியே நமக்கு எதிரா நிக்குதுங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார். பொங்கலை இலையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அக்காவிடம் சொன்னேன்.

"அவரு நல்ல மனுசன்தாம்ட்டி. என்னத் தூக்கிட்டு ஓடினாரே, அதுக்கு இன்னைக்கும் தினம் அவரு பேரச் சொல்லி ஜெபம் பண்ணுதேன். அது வேற, கேஸு வேற. ரெண்டையும் சேத்துத் தைக்கக்கூடாது."

வழியில் முதலாளியைப் பார்த்தால் முதலில் வணக்கம் சொல்வது அக்காதான். மூன்று விரலும் இரண்டு குட்டைக் கணுவுமாக அந்தக் கை மேலே எழும். முதலாளி பதிலுக்குக் கும்பிடுவார், ஆனால் அந்தக் கையைப் பார்க்க மாட்டார்.

இரண்டு மார்கழி போயிற்று. செக்கிங் வேலையை விட்டுவிட்ட அக்கா அதுவரை ஒரு பெரிய கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார். ஹைகோர்ட்டில் வழக்கு வந்த அன்று அவர் மட்டும் வக்கீலம்மாவோடு சென்னைக்குப் போனார். வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"கொஞ்ச நேரந்தாம்ட்டி. நம்ம நம்பரக் கூப்பிட்டாவ. ரெண்டு வக்கீலும் இங்கிலீசுல பேசுனாவ. ஜட்ஜ் ஐயா திடீர்னு தமிழ்ல கேட்டாரு, 'பனியன செக் பண்ணும்போது கை என்ன செய்யும்?'னு. அம்புட்டுதான். அந்தப் பக்கத்து வக்கீல் நம்ம வக்கீலம்மாவப் பாக்காரு, நம்ம வக்கீலம்மா அவரப் பாக்காவ. ரெண்டு பேருக்கும் தெரியல!"

"நீங்க எந்திரிச்சுச் சொல்லலீங்களா?"

"கோர்ட்டுல கேக்காம எப்படிட்டி எந்திரிக்க? சொல்லல. அவரே சொன்னாரு, இத யாருமே கேக்கலியே, கேக்காம எப்படித் தீர்ப்பு எழுதினாவன்னு. பழைய தீர்ப்ப ரத்து பண்ணிட்டாரு. மறுபடி இங்கயே விசாரிக்கணும்னு அனுப்பிட்டாரு."

அப்படியானால் நான் மறுபடியும் சாட்சிக் கூண்டுக்குப் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர், "ஏம்புள்ள, ஒருக்கா வாயத் தொறந்து பட்டது பத்தாதா? பங்காளி பகை வேற" என்றார். எனக்கும் பயம்தான். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்கு மனசு துணியவில்லை என்றால் ஆத்தா முன்னால் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு வாக்குக் கேட்போம். நானும் இரண்டு அரளிப் பூவை மடியில் கட்டிக்கொண்டு போனேன். சன்னதியில் நின்றதும் வெட்கமாகிவிட்டது. உண்மையைச் சொல்லட்டுமா வேண்டாமா என்றா ஆத்தாளிடம் போய்க் கேட்பது? இரண்டு பூவையும் அவள் காலடியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"இந்த வாட்டி செக்கிங் கை வேலைன்னு அடிச்சுச் சொல்லிப்போடறேனுங்க்கா" என்றேன் அக்காவிடம்.

அவருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். "அப்படியும் சொல்லாத! கண்ணு வேண்டாமா? அன்னைக்கு அரவாசி சொன்ன. இன்னைக்கு மத்த அரவாசிய மட்டும் சொல்லுவியாக்கும்? எனக்காவப் பொய் சொல்லுத சாட்சி எனக்கு வேண்டாம்."

விசாரணைக்கு இப்போது வேறு அதிகாரி மாறி வந்திருந்தார். அதே எதிர்த்தரப்பு வக்கீல். பழைய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "அன்னிக்குக் கண் வேலைன்னு சொன்னீங்க. இன்னிக்கு என்ன வேலைன்னு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார்.

எனக்கு எங்கிருந்து வார்த்தை வந்தது என்று தெரியாது. "அன்னைக்கும் பொய் சொல்லலீங்க. கண்ணு வேணுமுங்க, கையும் வேணுமுங்க. கையப் பத்தி நீங்க கேக்கலீங்க, எனக்கும் சொல்லத் தோணலீங்க. சோறு எதுல திங்கறீங்கன்னு கேட்டா வாயின்னுதானுங்க சொல்லுவோம். கைய யாருங்க சொல்றா?"

டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார். வக்கீல் மட்டும், "வாயால யாரும் எதையும் சொல்லலாம்" என்றார்.

"அப்படின்னா செஞ்சு காட்டட்டும்" என்றார் அதிகாரி.

அடுத்த வாய்தாவுக்குக் கம்பெனியிலிருந்து பத்துப் பீஸ் கொண்டுவர உத்தரவானது. எந்தப் பீஸில் என்ன குறை என்று கம்பெனி கட்டிங் மாஸ்டர் எழுதி, கவரில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது.

அன்று அந்த அறையில் ஃபைல்களை நகர்த்திவிட்டு மேஜையில் பத்துக் குழந்தைச் சட்டைகளை வைத்தார்கள். அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வழக்கில் அவர் ஜெயிக்க வேண்டுமானால், தன் வாழ்நாளில் பெருமைப்பட்ட ஒரே காரியத்தில், முதலாளி பார்க்க, வக்கீல்கள் பார்க்க, அவர் தோற்க வேண்டும்.

தோற்கலாம் என்று அவர் உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை. கம்பெனியில் உட்காருகிற அதே நிமிர்வு. இடது கை விரித்தது. வலது கை உள்ளே போனது, பழக்கத்தில். மிச்சமிருந்த விரல்களால் தடவினார், திருப்பினார், மறுபடி தடவினார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். நாங்கள் நாலு பீஸ் தள்ளுகிற நேரம் அவருக்கு ஒரு பீஸுக்கு ஆனது. வேர்த்துக் கொட்டியது. கடைசியில் மூன்றைத் தனியாக வைத்தார். ஒன்றில் எண்ணெய்க் கறை. ஒன்றில் பிரிண்ட் கோணல். மூன்றாவதைக் காட்டி, "இதுல இடது கைத் துணி வேற கலர்" என்றார்.

அதிகாரி என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கவரைப் பிரித்தார்; அப்போது உள்ளே நடந்தது வக்கீலம்மா பிறகு எனக்குச் சொன்னது. நாலு குறை எழுதியிருந்தது. கறையும் பிரிண்டும் சரி. கழுத்துப் பட்டிக்குள் ஒரு நூல் முடிச்சு, தோள் உள்தையலில் தையல் விட்டது, இந்த இரண்டையும் அக்கா விட்டுவிட்டார்.

வக்கீல் எழுந்தார். "ஐயா, கேஸுக்காக வேணும்னே விட்டிருக்காங்க."

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வேணும்னு ஒரு பீஸ விட்டவ இல்ல ஐயா நான்! பச்சப் பிள்ளை போடுதது. கேஸு போனாலும் போவட்டும், அந்த வார்த்தையத் திருப்பி வாங்கச் சொல்லுங்க."

அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். பிறகு அந்த மூன்றாவது பீஸை எடுத்துக் கட்டிங் மாஸ்டரிடம் நீட்டினார். "இது உங்க லிஸ்டுல இல்லையே. நல்ல பீஸா?"

கட்டிங் மாஸ்டர் வாங்கி ஜன்னலுக்குப் போனார். அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். "இல்லீங்கய்யா. இடது கை வேற ரோல் துணிங்க. துளி வித்தியாசம். நான் பாக்காம விட்டுட்டனுங்க. அக்கா சொல்றதுதாஞ் சரி."

கம்பெனிக்கே தெரியாத குறையைப் பிடித்த கண், எழுதிக் கொடுத்த குறை இரண்டை விட்டிருக்கிறது. வேண்டுமென்றே விடுகிறவர் அதை ஏன் எடுத்துச் சொல்லப் போகிறார்?

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, அதிகாரி பீஸ்களைக் கலைத்து என் பக்கம் தள்ளினார். கவரில் என்ன எழுதியிருந்தது என்று அப்போது எனக்கு எதுவும் தெரியாது. மனசுக்குள் மாரியாத்தா என்று சொல்லிவிட்டு வலது கையை உள்ளே விட்டேன். நாலாவது பீஸில் முடிச்சு விரலில் தட்டியது. ஏழாவதில் தையல் விட்ட இடம் பள்ளமாகத் தெரிந்தது. கண் போவதற்கு முன்னால் கை நின்றது. அந்தக் கலர் வித்தியாசம் மட்டும் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். நான் கண்டுபிடித்த அந்த இரண்டு பீஸையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் குட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுப்படவில்லை போலிருக்கிறது. அப்போதுதான் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும் அவர் அக்காவிடம் போய், "அம்மிணி, எங்க வக்கீல் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுங்க" என்றார். "நீங்க சொல்லலியே மொதலாளி" என்றார் அக்கா.

தீர்ப்பு நாளில் நகல் கைக்கு வந்தது. வக்கீலம்மா வராந்தாவிலேயே நின்று வாசித்தார். செக்கிங் என்பது கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை என்றும், தையலைத் தொட்டு அறிகிற விரல்களை இழந்ததால் மனுதாரர் அந்த வேலையை இனிச் செய்ய இயலாது என்றும், அதற்குரிய முழு இழப்பீட்டையும் வட்டியோடு தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அக்கா சொன்ன சாட்சியம் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. என் பேச்சும், அந்தச் சோறு திங்கிற கதை உட்பட, அப்படியே இருந்தது. முதலாளி மேல் முறையீட்டுக்குப் போகப்போவதில்லை என்று அன்றே சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் அழுதேன், சிரித்தேன். "வாங்கக்கா, மொதல்ல கோயிலுக்குப் போலாம், அப்பறம் உங்க சர்ச்சுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா நகரவில்லை. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் காத்து நின்றோம். ஐந்தாவது பக்கத்தில் அவர் கை நின்றது. எழுந்து நேராக ஆபீசுக்குள் போனார்.

"ஐயா, இங்கன பாருங்க. இடது கைன்னு அடிச்சிருக்கு."

கிளார்க் எட்டிப் பார்த்தார். "ஒரு எடத்துலதானம்மா? மத்த எல்லா எடத்துலயும் சரியா இருக்கு. அதனால ஒண்ணும் கொறையாது. ஜெயிச்சிட்டீங்க. போய்ச் சாமி கும்பிடுங்க."

வக்கீலம்மாவும், "விடுங்கம்மா, மனு குடுத்து ரெண்டு வாரத்துல நான் மாத்தி வாங்கித் தரேன்" என்றார்.

அக்கா அந்தப் பக்கத்தை மேஜையில் விரித்து, வலது கையை அதன் மேல் வைத்தார். அந்தக் கையை அத்தனை பேர் பார்க்க அவர் விரித்து வைத்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"சாமி கும்பிடத்தான் ஐயா போறேன். மனு எங்க எழுதணும்னு சொல்லுங்க, இப்பவே எழுதித் தாரேன். போனது இந்தக் கை."